ஆடலும் பாடலும் ஓவியமும்: ஓசூரிலிருந்து சில எண்ணங்கள்

ஓசூரில் கலை நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் எங்களை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். சிப்காட் ஆலைகள், மூன்று ஷிப்டு வேலை, அத்திப்பள்ளி எல்லையில் ஊர்ந்து செல்லும் லாரிகள், ரோஜாத் தோட்டங்கள் ஆகியவைதாம் அவர்கள் அறிந்த ஓசூர். வேலைக்காக இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள் தத்தம் ஊரிலிருந்து கொண்டுவந்த விருப்பங்களில் பாட்டும் நாட்டியமும் உண்டு. சனி, ஞாயிறுகளில் அடுக்ககங்களின் பொதுக்கூடங்களில் சலங்கை ஒலி கேட்கிறது. பள்ளி ஆண்டு விழா, ஆலைகளின் குடும்ப விழா, கோயில் திருவிழா என்று மேடைகளும் கிடைக்கின்றன. ஆகவே நாங்கள் இங்கே புலம்ப வரவில்லை. கிடைத்திருக்கும் வாய்ப்பை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது குறித்து ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

சில மாதங்களுக்கு முன் இங்குள்ள திருமண மண்டபம் ஒன்றில் நடந்த நிகழ்ச்சிக்கு நண்பர்கள் நால்வர் சென்றிருந்தோம். நாட்டியம், இசை, தஞ்சை ஓவியம் மூன்றும் ஒரே மேடையில் இணைவதாக அழைப்பிதழ் சொல்லிற்று. மேடையின் பின்சுவர் முழுவதும் எல்.இ.டி. திரை. அதில் தஞ்சை ஓவிய பாணியில் வெண்ணெய்க் கண்ணன் சுவரளவு பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால், பதினைந்து வயது இருக்கும், ஒரு பெண் யசோதையாக அபிநயம் பிடித்தாள். நன்றாகவே ஆடினாள். பாட்டு ஒரு மடிக்கணினியிலிருந்து வந்தது. உருப்படியின் நடுவில் அது நின்றுபோயிற்று. குழந்தையைத் தூக்க நீட்டிய கைகள் நீட்டியபடியே இருக்க, அந்தப் பெண் ஒரு நிமிடத்துக்கும் மேலாக அசையாமல் நின்றாள். பிறகு பாட்டு தொடக்கத்திலிருந்து மறுபடி ஒலித்தது. அவளும் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடினாள். கைதட்டல் பலமாகவே இருந்தது. ஆனால் அவள் முகத்தில் யசோதை திரும்பி வரவில்லை.

வெளியே வாசலருகில் ஓர் ஓவியர் சிறு மேசை போட்டு, தாம் வரைந்த இரண்டு படங்களை விற்பனைக்கு வைத்திருந்தார். உள்ளே திரையில் இருந்தவை அவருடையவையா என்று கேட்டோம். "முதல்ல படம் வேணும்னு கேட்டாங்க சார். அப்புறம் நெட்லயே கிடைச்சிருச்சுன்னுட்டாங்க. வேணும்னா வாசல்ல உக்காந்துக்கங்கன்னாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பழகிய குரலில் சொன்னார்.

மூன்று கலைகள் இணைவதாகச் சொன்ன மாலையில் பாடகர் இல்லை, மிருதங்கக்காரர் இல்லை, ஓவியர் வாசலில். இருந்தவள் ஆடிய பெண் ஒருத்தி மட்டுமே. மற்ற இரண்டு கலைகளின் நகல்களோடு அவள் தனியாக நின்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம் இதைப் பற்றியே பேசினோம். அந்தப் பேச்சின் தொடர்ச்சியே இக்கட்டுரை.

*

இம்மூன்று கலைகளையும் இணைப்பது புதுமை என்று நினைப்போர் உண்டு. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் வஜ்ரன் என்னும் அரசனுக்கும் மார்க்கண்டேய முனிவருக்கும் நடக்கும் உரையாடல் கலை வரலாறு பயில்வோர் அனைவரும் அறிந்தது. தெய்வ உருவங்களைச் செய்யும் முறையைக் கற்றுத்தருமாறு அரசன் கேட்கிறான். ஓவிய இலக்கணம் தெரியாமல் அது விளங்காது என்கிறார் முனிவர். ஓவியத்துக்கு நாட்டியம் தெரியவேண்டும், நாட்டியத்துக்கு வாத்திய இசை, அதற்கு வாய்ப்பாட்டு என்று பாடம் பின்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கிறது. கேட்டவன் சிலை செய்ய வந்தவன். அவன் உட்காரவேண்டிய முதல் வகுப்போ பாட்டு வகுப்பு!

கருத்தளவில் சொன்னதைக் கல்லிலும் சுதையிலும் காண வேண்டுமானால் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகவேண்டும். கருவறையைச் சுற்றியுள்ள உள் நடையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் வரலாறு, தில்லைக் கூத்தன் முன் நிற்கும் அடியார்கள், ஆடும் மகளிர், முழவு கொட்டும் கணங்கள் என்று அச்சுவர்கள் முழுவதும் ஆடலும் இசையும்தாம். அதற்கு நேர் மேல்தளத்தில் நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்களில் 81 சிற்பங்களாக முடிந்திருக்கின்றன. எஞ்சியவற்றுக்கான கற்கள் வெறுமையாக உள்ளன. கல்வெட்டிலோ, இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் தரும் பங்கும் அவர்களுக்கு உண்டு. நட்டுவம் செய்வோர், பாடுவோர், வீணை, வங்கியம், உடுக்கை வாசிப்போர் ஆகியோருக்கும் அதே கல்வெட்டில் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. சுவரில் ஆடல் தீட்டப்பட்ட கோயிலில் ஆடுவோருக்கும் இசைப்போருக்கும் நெல் அளக்கப்பட்டது. ஓவியம் இருக்கிறதே, ஆள் எதற்கு என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

தஞ்சை எங்களுக்குத் தொலைவு என்பவர்கள் பெங்களூரைக் கடந்து வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் லேபாட்சிக்குச் செல்லலாம். அங்குள்ள வீரபத்திரர் கோயில் பதினாறாம் நூற்றாண்டு விசயநகரப் பணி. நாட்டிய மண்டபத்தின் தூண்களில் ரம்பை ஆடுகிறாள், பிரமன் முழவு வாசிக்கிறான், தும்புரு வீணை மீட்டுகிறான், மூன்று கால் பிருங்கி உடன் ஆடுகிறார். நிமிர்ந்து பார்த்தால் விதானம் முழுவதும் ஓவியங்கள். அவற்றுள் ஒன்று திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை. எல்லைகள் கதைகளைத் தடுத்ததில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியாது. தூணில் ஆட்டமும் வாத்தியமும், மேலே சித்திரம். நடுவில் விடப்பட்டிருக்கும் தரை ஆளுக்காகக் காத்திருக்கிறது.

விசயநகரம் 1565-இல் வீழ்ந்தபின் அதன் ஓவியர்கள் தெற்கே பல அரசவைகளை நாடிச் சென்றார்கள். தஞ்சை ஓவியமும் மைசூர் ஓவியமும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. நாட்டியத்திலும் இந்தப் போக்குவரத்து உண்டு. தஞ்சை நால்வருள் மூத்தவரான சின்னையா மைசூர் சென்று மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் அவையில் இருந்தார். அபிநயத்துக்குப் பேர் பெற்ற மைசூர் பாணியை ஜட்டி தாயம்மாவும் (1857-1947) அவர் மாணவி வேங்கடலட்சம்மாவும் (1906-2002) நம் காலம் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். தெற்கே தஞ்சை, மேற்கே மைசூர், வடக்கே லேபாட்சி. இம்மூன்றுக்கும் நடுவில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசும் ஊர் ஓசூர். இந்த மூன்று கலைகளையும் இணைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் எது? பொருத்தமான ஊர் என்பதால்தான், அது இங்கே அரைகுறையாக நடப்பது எங்களை உறுத்துகிறது.

*

எங்கள் கருத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறோம். முதலாவது, நேரடி இசை இல்லாவிட்டால் மற்ற இணைப்புகளைப் பற்றிப் பேசுவதே வீண்.

பரதநாட்டியத்தில் ஒரு பதமோ வர்ணத்தின் ஓர் அடியோ பாடப்படும்போது, பாடுபவர் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஆடுபவர் ஒவ்வொரு முறையும் அதன் பொருளை வேறொரு வழியில் விரிக்கிறார். சஞ்சாரி என்பது அதுதான். எத்தனை முறை என்பதை அந்தக் கணம் முடிவு செய்கிறது. ஆடுபவரின் கண் பாடகரிடம் 'இன்னும் ஒரு முறை' என்று கேட்கும்; பாடகர் தருவார். சில நேரம் பாடகர் ஒரு சங்கதியை மாற்றிப் போட, ஆடுபவருக்குப் புதிய பொருள் ஒன்று அகப்படும். பாலசரசுவதிக்கு அவருடைய தாயார் ஜெயம்மாள் பாடினார் என்பதை நினைத்துப் பாருங்கள். மகள் முகத்தில் அடுத்து என்ன வரப்போகிறது என்று தாய்க்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பழைய சின்னமேளத்தில் நட்டுவனாரும் வாத்தியக்காரர்களும் ஆடுபவருக்குப் பின்னால் நின்றபடி, அவரோடு முன்னும் பின்னும் நகர்ந்தே இசைத்தார்கள். பின்னர் அவர்கள் மேடையின் ஓரத்தில் அமர்ந்தார்கள். இப்போது மேடையிலேயே இல்லை.

பதிவு செய்த பாட்டில் வரி நான்கு முறை வந்தால் நான்கு முறைதான். ஐந்தாவதாக ஒன்று தோன்றினாலும் இடமில்லை. மூன்றில் நிறைவடைந்தாலும் நிறுத்த முடியாது. மாணவி அந்த அளவுக்குத் தன்னை வெட்டிக்கொள்ளக் கற்கிறாள். அப்படியே பத்தாண்டு பயின்றவளுக்கு, தன் மனத்தில் எழும் ஐந்தாவது எண்ணத்தை நம்பும் பழக்கமே வராது. ஒரு தலைமுறை இப்படி வளர்வதுதான் எங்கள் முதல் கவலை. மின்சாரம் நின்றதும் மடிக்கணினி மக்கர் செய்ததும் சிறிய விஷயங்கள்.

இரண்டாவது, ஓவியத்தைப் பின்திரையாக வைப்பது ஓவியத்துக்கும் பொருந்தவில்லை, ஆடலுக்கும் பொருந்தவில்லை.

தஞ்சை ஓவியம் எப்படிச் செய்யப்படுகிறது? பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப் பூச்சு கொடுத்து, பசைக் குழைவால் நகைகளையும் தூண்களையும் புடைப்பாக எழுப்பி, கற்களைப் பதித்து, மேலே தங்க ரேக்கை ஒட்டுகிறார்கள். இவ்வளவு உழைப்பும் பூசையறையின் அரையிருளுக்காகச் செய்யப்படுவது. அகல் விளக்கின் சுடர் அசைய, புடைப்பின் மேடுபள்ளத்தில் தங்கம் மின்னி மறையும். அப்போது தெய்வம் இருக்குமிடம் மட்டும் ஒளிபெறுகிறது. மைசூர் ஓவியத்தில் புடைப்பு இன்னும் மெல்லியது, கோடு இன்னும் நுணுக்கமானது. அருகே சென்று பார்க்கவேண்டியது. இவற்றைப் படம்பிடித்துச் சுவரளவு பெரிதாக்கி மின்னொளியில் காட்டும்போது புடைப்பு போய்விடுகிறது, சுடர் போய்விடுகிறது. எஞ்சுவது மஞ்சள் நிறம்.

இன்னொன்றும் உண்டு. அன்று மண்டபத்தில் எங்களுள் ஒருவர் மெல்லச் சொன்னது இது: "அந்தப் பெண் கண்ணனைக் கூப்பிடுகிறாள், ஆனால் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்." அவர் சொன்ன பிறகு எங்களால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. பக்திப் பதங்களில் பெரும்பாலானவை யாரையோ விளித்துப் பாடுபவை. கோயிலில் அந்த யாரோ எதிரில் இருந்தார். மேடைக்கு வந்தபின் ஆடுபவர் அவையின் தலைக்கு மேலே வெற்றிடத்தில் அவரை உருவாக்கிக்கொள்கிறார். ஓவியம் மேடைக்கு வருவதால் உண்மையான நன்மை ஒன்று உண்டென்றால், விளிக்கப்படுபவருக்கு ஓர் இருக்கை கிடைப்பதுதான். அந்த இருக்கையை ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டால் அந்த நன்மையும் கைநழுவிப் போகிறது.

*

ஓவியமும் பாட்டும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று வேலை கொடுத்து நடக்கும் சடங்கு கேரளத்தில் உண்டு. களமெழுத்துப் பாட்டில் அரிசி மாவு, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு ஆகியவற்றால் பத்ரகாளியின் உருவத்தைத் தரையில் எழுதுகிறார்கள். நந்துணி மீட்டிப் பாடுகிறார்கள். முடிவில் வெளிச்சப்பாடு ஆடியபடியே அந்தக் களத்தை அழிக்கிறார். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற முடியேற்றும் களம் எழுதித்தான் தொடங்குகிறது. படம் இல்லாமல் பாட்டுக்கு இடமில்லை. ஆட்டம் இல்லாமல் படத்துக்கு முடிவில்லை.

கேரளம் எதற்கு, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே உண்டு. கோடையில் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில் பாரத விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கடைசி நாள் காலையில் ஊர்வெளியில் துரியோதனனின் உருவம் மண்ணால் படுத்த வாக்கில் பிரம்மாண்டமாகச் செய்யப்பட்டு வண்ணம் தீட்டப்படுகிறது. கல்யாண முருங்கைக் கட்டையில் கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடத்தோடு, இரவெல்லாம் ஆடிய அரிதாரம் கலையாமல், பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடலைச் சுற்றியும் அதன் மேலேறியும் ஆடுகிறார்கள். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் அனைத்தும் கூடவே வெயிலில் நிற்கின்றன. தொடை பிளக்கப்படுகிறது. திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். பிறகு மக்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துச் செல்வதும் உண்டு.

படுகளத்தைச் 'செவ்வியல்' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நேரடி இசை, ஆட்டம், வழிபாட்டு உருவம் மூன்றும் எப்படி இணையவேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எங்கள் கண்ணில் படவில்லை. அங்கே உருவம் அலங்காரமாக நிற்பதில்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலை முடிந்ததும் அது மண்ணாகிறது. ஓசூரில் நாட்டியம் பயிலும் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள் என்று விசாரித்தோம். நாங்கள் கேட்டவர்களில் ஒருவர்கூட இல்லை.

*

எதிர்வாதங்களை நாங்கள் அறியாமல் இல்லை.

செலவு என்பார்கள். உண்மைதான். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது குழல் என்று குறைந்தது நால்வர் வேண்டும். பெரும்பாலும் பெங்களூரிலிருந்து வரவேண்டும். ஆலை ஊழியர் ஒருவரின் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. ஆனால் அன்றைய எல்.இ.டி. திரையும் இலவசமாக வரவில்லை. மேடை அலங்காரமும் ஒலிபெருக்கியும் விருந்தும் இலவசமில்லை. திரைக்குக் கொடுத்ததைப் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் கொடுத்திருந்தால் நிகழ்ச்சியின் உயிர் காப்பாற்றப்பட்டிருக்கும். நால்வர் முடியாவிட்டால் இருவர் போதும். ஒரு மணி நேர நிகழ்ச்சியை அரை மணியாகச் சுருக்கினாலும் குற்றமில்லை.

வணங்கும் படத்தை மேடையேற்றலாமா என்று சிலர் தயங்குவார்கள். நடராசர் சிலை ஏற்கெனவே எல்லா நாட்டிய மேடையிலும் பூவோடும் விளக்கோடும் இருக்கிறது. அதற்குரிய மதிப்போடு படத்தையும் வைக்கலாம்.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. ஆடுபவரே தம் உடலால் சித்திரம் எழுதும்போது தனியே ஒரு படம் எதற்கு? பாலசரசுவதி 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்னும் கன்னடப் பதத்தைக் கடற்கரையில் ஆடுவதை 1976-இல் சத்யஜித் ராய் படமாக்கினார். பின்னால் கடல் மட்டுமே. அங்கே ஒரு கண்ணன் படம் தொங்கியிருந்தால் நாம் காண்பது குறைந்திருக்கும். இதை நாங்கள் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஒரு படம் இல்லாமலே உருப்படி நிறைவுறுமானால் படத்தை எடுத்துவிடவேண்டும். இணைப்பு என்பதற்காக இணைப்பது வீண் வேலை. படம் வருமானால் அது இல்லாமல் நடக்கமுடியாத ஏதோ ஒன்று மேடையில் நடக்கவேண்டும்.

அப்படி என்ன நடக்க முடியும்? எங்கள் நண்பர் குழு பேசிப் பேசி ஓர் எளிய வடிவத்துக்கு வந்திருக்கிறது. அறுபது பேர் அமரும் சிறு கூடம். ஒலிபெருக்கி வேண்டியதில்லை. மின்விளக்குகளை அணைத்துவிட்டு எண்ணெய் விளக்குகள். மேடையின் வலப்பக்கம், ஆடுபவர் முகம் திருப்பிப் பார்க்கக்கூடிய இடத்தில், உண்மையான ஓவியம் ஒன்று. எல்லா வேலையும் முடிந்து கண் மட்டும் திறக்காமல் வரப்பட்ட ஓவியம். சிற்ப மரபில் கண் திறப்பது இறுதிச் செயல் அல்லவா? பாடகர் பதத்தைத் தொடங்க, ஆடுபவர் அழைக்க, ஓவியர் தூரிகையோடு அமர்ந்து கண்ணைத் திறக்கட்டும். அவருக்குப் பத்து நிமிடம் ஆனால் பாடகர் பத்து நிமிடம் பாடுவார். ஆடுபவர் பத்து நிமிடம் காத்திருக்கும் யசோதையை ஆடுவார். பதிவு செய்த பாட்டால் இதைச் செய்ய முடியாது. இணையத்தில் எடுத்த படத்தாலும் முடியாது. ஒரு பதம் தமிழில், ஒன்று கன்னடத்தில், ஒன்று தெலுங்கில் இருந்தால் எங்கள் தெருவே வந்து அமரும்.

இது சிறு முயற்சி, தவறலாம். முதலில் வருகிற கோடையில் நாட்டியம் பயிலும் பிள்ளைகள் சிலரையும் அவர்களுடைய ஆசிரியரையும் ஒரு படுகளத்துக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். வாசலில் மேசை போட்டிருந்த ஓவியரிடமும் பேசினோம். "கண்ணு மட்டும்தானே சார், திறந்துடலாம். ஆனா பாட்டு நல்லா இருக்கணும்" என்றார். அந்தப் பெண்ணையே ஆடச் சொல்லிக் கேட்கலாம் என்று நினைக்கிறோம். இம்முறை அவள் கைகளை நீட்டும்போது, எவ்வளவு நேரமானாலும், பாட அருகில் ஒருவர் இருப்பார்.